எக்ஸெக்குக்குள் என்ன போகிறது? பைதானின் நேம்டுடூப்பிள்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோட் ரிவியூவில் எக்ஸெக் அல்லது ஈவால் (ஸ்ட்ரிங்காகத் தரும் எழுத்தைக் கோடாகவே ஓட்டும் ஃபங்ஷன்கள்) என்ற சொல் கண்ணில் பட்டால் உடனே "இதை எடுத்துவிடுங்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவது பலருக்கும் பழக்கம். பெரும்பாலும் அது நல்ல அறிவுரைதான். ஆனால் பைதானின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியைத் திறந்து பார்த்தால், தினமும் எண்ணற்ற புரோகிராம்கள் நம்பியிருக்கும் இரண்டு முக்கியமான கருவிகள், நேம்டுடூப்பிளும் டேட்டாகிளாஸும் (ஃபீல்டு பெயர்களைத் தந்தால் கிளாஸின் வழக்கமான மெத்தட்களைத் தாமே செய்து தருபவை), ஓடும்போதே கோட்டை ஸ்ட்ரிங்காக எழுதி அதை உடனே ஓட்டித்தான் வேலை செய்கின்றன. நேம்டுடூப்பிள் 2008-ல் இருந்தே இப்படித்தான். இவ்வளவு காலம் இவ்வளவு பேர் கையில் இருந்தும் ஏன் இது பெரிய ஓட்டையாக ஆகவில்லை, அதே உத்தியைக் கையாண்ட வேறு சில லைப்ரரிகள் ஏன் ரிமோட் கோட் எக்ஸிகியூஷன் (வெளியார் தன் கோட்டை நம் சர்வரில் ஓட்டிவிடுவது) வரை போய் மாட்டிக்கொண்டன? இதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபத்து எக்ஸெக் என்ற ஃபங்ஷனில் இல்லை, அதற்குக் கொடுக்கும் ஸ்ட்ரிங்குக்குள் யார் எழுதிய எழுத்து நுழைகிறது என்பதில் இருக்கிறது. பெயர் மட்டும்தான் உள்ளே போகலாம், அதுவும் சோதித்த பெயர். மதிப்பு எதுவாக இருந்தாலும் அது ஸ்ட்ரிங்குக்கு வெளியே, நேம்ஸ்பேஸ் (எந்தப் பெயர் எந்தப் பொருளைக் குறிக்கும் என்ற பட்டியல்) வழியாக வர வேண்டும். எஸ்க்யூஎல் எழுதியவர்களுக்கு இது புதிதல்ல, மதிப்புகளுக்கு பைண்ட் பாராமீட்டர், டேபிள் பெயருக்கு மட்டும் அனுமதிப் பட்டியல் என்று நாம் பிரிப்போமே, அதே பிரிவினைதான்.

சரி, ஸ்ட்ரிங்காக எழுத வேண்டிய அவசியம் என்ன?

நேம்டுடூப்பிளைத் தெரியாதவர்கள் இருக்கலாம் என்பதால் சுருக்கமாக: 'பொருள்' என்ற கிளாஸ் பெயரும் 'பெயர்', 'விலை' என்ற ஃபீல்டு பெயர்களும் கொடுத்தால், அது ஒரு புது கிளாஸைச் செய்து கையில் தரும். அதன் ஆப்ஜெக்ட் சாதாரண டூப்பிள் போலவே நடந்துகொள்ளும், ஆனால் இரண்டாவது மதிப்பை 1 என்ற எண்ணால் எடுக்காமல் விலை என்ற பெயராலேயே எடுக்கலாம். பைதான் டெவலப்பர் ரேமண்ட் ஹெட்டிங்கர் முதலில் ஆக்டிவ்ஸ்டேட் தளத்தின் குக்புக்கில் ஒரு ரெசிப்பியாகப் போட்டது, பிறகு பைதான் 2.6-ல், 2008 அக்டோபரில், ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் வந்தது.

இந்த கிளாஸுக்கு நியூ என்ற கன்ஸ்ட்ரக்டர் வேண்டும். அது சரியாக இரண்டு ஆர்கியுமென்ட் வாங்க வேண்டும், அவற்றின் பெயர் பெயர், விலை என்று இருக்க வேண்டும், வரிசைப்படியும் கொடுக்கலாம், கீவேர்டு வழியாகவும் கொடுக்கலாம், ஒன்று குறைந்தால் "விலை வரவில்லை" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை ஆர்கியுமென்ட் வந்தாலும் மொத்தமாக வாங்கிக்கொள்ளும் பொதுவான ஃபங்ஷன் ஒன்றை எழுதி, உள்ளே ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, பெயரை ஒப்பிட்டு, நாமே எர்ரர் செய்தி எழுதலாம்தான். அது மெதுவாக ஓடும், ஹெல்ப்பில் சிக்னேச்சர் சரியாகத் தெரியாது, ஆர்கியுமென்ட்டைப் பொருத்தும் விதிகளை இன்டர்பிரெட்டர் ஏற்கெனவே சி மொழியில் வேகமாகச் செய்துகொண்டிருக்க, நாம் அதையே மறுபடி பைதானில் எழுதிக்கொண்டிருப்போம். பாராமீட்டர் பெயர் ஓடும்போதுதான் தெரியும், ஆனால் பைதானில் பாராமீட்டர் பெயரை டெஃப் அல்லது லாம்டா வரியில் எழுத்தாகத்தான் எழுத முடியும். ஆக அந்த ஒரு வரியைச் செய்து இன்டர்பிரெட்டரிடம் கொடுத்துவிடுவதே நேர்வழி. எழுத்தாக இல்லாமல் ஏஎஸ்டி மரமாக (கோட்டின் அமைப்பைக் காட்டும் மர வடிவம்) கட்டி கம்பைல் செய்யும் வழியும் இருக்கிறது, ஆனால் அது பைதான் பதிப்புக்குப் பதிப்பு மாறும் மரம், இத்தனை சின்ன வேலைக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

முதல் வடிவம்: முழு கிளாஸும் டெம்ப்ளேட்டில்

2.6-ல் வந்த வடிவம் கொஞ்சம் துணிச்சலானது. நியூ மட்டுமல்ல, கிளாஸ் முழுவதுமே ஒரு பெரிய டெம்ப்ளேட் ஸ்ட்ரிங்காக இருந்தது. கிளாஸ் பெயர், ஃபீல்டு பெயர்கள், ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு ப்ராப்பர்ட்டி வரி, டாக்ஸ்ட்ரிங், எல்லாவற்றையும் அந்த டெம்ப்ளேட்டில் நிரப்பி, தனியாக ஒரு டிக்‌ஷனரியை நேம்ஸ்பேஸாக வைத்து எக்ஸெக் செய்து, அதிலிருந்து கிளாஸை எடுத்துத் திருப்பிக் கொடுக்கும். இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு: வெர்போஸ் என்ற ஆப்ஷனைப் போட்டால் தான் செய்த கோட்டை அப்படியே அச்சிட்டுக் காட்டும், 3.3-ல் அதே கோட்டை கிளாஸிலேயே ஒரு சோர்ஸ் அட்ரிபியூட்டாகவும் வைத்தார்கள். கோட் எழுதும் கோட் தான் எழுதியதைக் கேட்டால் காட்ட வேண்டும். இதைச் செய்யாத ஜெனரேட்டர்களில் பக் வந்தால் தேடுபவர் இருட்டில்தான் துழாவ வேண்டும்.

காவல் எங்கே இருந்தது? டெம்ப்ளேட்டை நிரப்புவதற்கு முன்னால். கிளாஸ் பெயரும் ஒவ்வொரு ஃபீல்டு பெயரும் சரியான ஐடென்டிஃபையரா (பைதான் பெயராக ஏற்கும் சொல்லா), பைதான் கீவேர்டு இல்லையா, ஃபீல்டு பெயர் அண்டர்ஸ்கோரில் தொடங்காமல் இருக்கிறதா, ஒரே பெயர் இரண்டு முறை வந்துவிட்டதா என்று வரிசையாகப் பார்த்து, ஒன்று தவறினாலும் எர்ரர். ஐடென்டிஃபையர் என்றால் எழுத்து, எண், அண்டர்ஸ்கோர், அவ்வளவுதான். அடைப்புக்குறி கிடையாது, காற்புள்ளி கிடையாது, மேற்கோள்குறி கிடையாது, இடைவெளியோ புது வரியோ கிடையாது. கெட்ட எண்ணத்தோடு ஒருவர் 'விலை): வேறு வேலை' என்பது போல எதையாவது ஃபீல்டு பெயராகத் தந்தால், முதல் அடைப்புக்குறியிலேயே கதவு மூடிவிடும். கெட்டதைத் தேடித் தேடி நீக்கும் கறுப்புப் பட்டியல் இங்கே கிடையாது, நல்லது எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்லி மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறார்கள்.

இப்போதைய கோட்டில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிக்காமல் தாண்டிப் போவது. பெயர் ஸ்ட்ரிங்தானா என்று பார்க்கும் இடத்தில் அது ஸ்ட்ரிங் வகையின் வாரிசாக இருந்தாலும் பரவாயில்லை என்று விடுவதில்லை, அசல் ஸ்ட்ரிங்கே வேண்டும் என்று கேட்கிறது. வாரிசு கிளாஸை அனுமதித்தால் அதில் ஐடென்டிஃபையர் சோதனையையே ஒருவர் மாற்றி எழுதி எப்போதும் "சரி" என்று சொல்ல வைக்கலாம், சோதிக்கும்போது ஒரு முகமும் டெம்ப்ளேட்டில் ஒட்டும்போது வேறு முகமும் காட்டலாம். சோதித்த பொருளும் பயன்படுத்தும் பொருளும் ஒன்றேதான் என்பதை இப்படித்தான் உறுதி செய்ய முடியும்.

டெம்ப்ளேட்டில் நுழைந்த பெயர்கள் கோட்டை உடைக்க இன்னொரு வழியும் இருந்தது, இது தாக்குதல் அல்ல, வெறும் மோதல். டெம்ப்ளேட்டுக்குள் ப்ராப்பர்ட்டி, டூப்பிள், ஐட்டம்கெட்டர், செல்ஃப் என்றெல்லாம் சொற்கள் இருக்கும். யாராவது தன் ஃபீல்டுக்கு 'ப்ராப்பர்ட்டி' என்று பெயர் வைத்தால்? வீடு விற்கும் நிறுவனத்தின் டேட்டாவில் அந்தப் பெயர் வராமலா இருக்கும். முதல் ஃபீல்டு அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டால், அடுத்த வரியில் ப்ராப்பர்ட்டி என்று கூப்பிடும்போது பைதானின் சொந்த ப்ராப்பர்ட்டி இருக்காது, நம் ஃபீல்டு உட்கார்ந்திருக்கும். பைதானின் டெஸ்ட் ஃபைலில் இன்றைக்கும் இதற்கான கமென்ட் இருக்கிறது: செல்ஃப், சிஎல்எஸ், டூப்பிள், ஐட்டம்கெட்டர், ப்ராப்பர்ட்டி ஆகிய பெயர்கள் முன்பு ஃபெயில் ஆயின, இப்போது வேலை செய்கின்றனவா என்று பார்க்கவே இந்த டெஸ்ட் என்று. தீர்வு எளிமையானது, ஆனால் அழகானது. டெம்ப்ளேட் தனக்குத் தேவையான எல்லா உதவிப் பெயர்களையும் அண்டர்ஸ்கோரில் தொடங்கும்படி மாற்றிக்கொண்டது. ஃபீல்டு பெயர் அண்டர்ஸ்கோரில் தொடங்கக் கூடாது என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. ஆக இரண்டு கூட்டமும் ஒருபோதும் சந்திக்கவே முடியாது. அதோடு விடாமல், டெம்ப்ளேட்டில் வரும் சொற்களை எல்லாம், கமென்ட்டிலும் டாக்ஸ்ட்ரிங்கிலும் வரும் சாதாரண ஆங்கிலச் சொற்கள் உட்பட, அள்ளியெடுத்து அத்தனையையும் ஒரே நேம்டுடூப்பிளின் ஃபீல்டு பெயராகக் கொடுத்து ஒரு டெஸ்ட் எழுதி வைத்தார்கள். கோட் ஜெனரேட்டர் எழுதும் ஒவ்வொருவரும் இந்த டெஸ்ட்டை அப்படியே காப்பியடிக்கலாம் என்று மனதாரச் சொல்வேன்.

பாராமீட்டர் பட்டியலை எப்படிச் செய்தார்கள் என்பதையும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஃபீல்டு பெயர்கள் டூப்பிளாக இருக்கின்றன. அதை அச்சிட்டால் ('பெயர்', 'விலை') என்று வரும். அதில் மேற்கோள்குறிகளை எடுத்துவிட்டு, முதல் அடைப்பையும் கடைசி அடைப்பையும் வெட்டினால் பெயர், விலை என்று மிஞ்சும். அதுதான் பாராமீட்டர் பட்டியல். பார்க்கக் குறுக்குவழி மாதிரி இருக்கிறது, காற்புள்ளி போட்டு ஜாயின் செய்தால் போதாதா என்று தோன்றும். போதாது. ஒரே ஒரு ஃபீல்டு மட்டும் இருந்தால் டூப்பிள் ('பெயர்',) என்று அச்சாகும், வெட்டினால் பெயர், என்று கடைசிக் காற்புள்ளியோடு நிற்கும். அந்தக் காற்புள்ளி முக்கியம், ஏனென்றால் இதே துண்டு இரண்டு இடத்தில் ஒட்டப்படுகிறது: ஒன்று பாராமீட்டர் பட்டியலில், அங்கே கூடுதல் காற்புள்ளி தொந்தரவு இல்லை, இன்னொன்று டூப்பிளைச் செய்யும் அடைப்புக்குள். அங்கே காற்புள்ளி இல்லாவிட்டால் (பெயர்) என்பது டூப்பிள் அல்ல, வெறும் அடைப்பு. அப்போது 'மதுரை' என்று மதிப்புக் கொடுத்தால் ஒரு உறுப்புள்ள டூப்பிளுக்குப் பதிலாக, அந்தச் சொல்லின் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து துண்டாக உடைந்த டூப்பிள் கிடைக்கும். பிறகு வந்த பதிப்பில் ஜாயினுக்கே மாறினார்கள், ஆனால் ஒரே ஃபீல்டு என்றால் காற்புள்ளியைத் தனியாகச் சேர்க்கும் வரியையும் மறக்காமல் வைத்தார்கள். மேற்கோள்குறியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடும் இந்த உத்தி பாதுகாப்பாக இருந்ததற்கு ஒரே காரணம், பெயருக்குள் மேற்கோள்குறி இருக்கவே முடியாது என்பது அதற்கு முந்தைய வரிகளிலேயே முடிவாகிவிட்டது. சோதனை வரிகளை யாராவது கீழே நகர்த்தியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

2017: எக்ஸெக்கைச் சின்னதாக்கியது

இந்த வடிவம் ஒன்பது வருடம் ஓடியது. பிரச்சினை பாதுகாப்பிலிருந்து வரவில்லை, வேகத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு நேம்டுடூப்பிள் கிளாஸையும் செய்யும்போது ஒரு முழு கிளாஸ் அளவுக்கான எழுத்தைப் படித்து, பார்ஸ் செய்து, கம்பைல் செய்ய வேண்டும். ஒன்றிரண்டு என்றால் தெரியாது. ஆனால் ஸ்டாண்டர்ட் லைப்ரரியே இதை ஏகப்பட்ட இடத்தில் பயன்படுத்துகிறது, ஃபங்ஷன்டூல்ஸை இம்போர்ட் செய்தாலே கேஷ் தகவலுக்காக ஒன்று உருவாகும், யுஆர்எல்லிப் பார்ஸில் மூன்று. சின்ன கமாண்ட் லைன் டூல் ஒன்று ஓடத் தொடங்குவதற்கு முன்பே இவ்வளவும் கம்பைல் ஆகிக்கொண்டிருக்கும். 2017 ஜூலையில் பைதான் டெவலப்பர்களிடையே ஸ்டார்ட்அப் நேரம் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது, ஹெட்டிங்கருக்குத் தன் டெம்ப்ளேட் வடிவத்தின் தெளிவை விட மனமில்லை, பைதானை உருவாக்கிய கிடோ வான் ராசம் வேகம் முக்கியம் என்ற பக்கம் நின்றார். இரண்டு பேருடைய நிலைப்பாட்டிலும் எனக்கு நியாயம் தெரிகிறது. முழு கிளாஸும் ஒரே டெம்ப்ளேட்டில் இருந்தால் பைதான் தெரிந்த எவரும் படித்துப் புரிந்துகொள்ளலாம், ஆனால் அந்தத் தெளிவுக்கான விலையை அதைப் படிக்கவே போகாதவர்களும் ஒவ்வொரு முறையும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜெல்லே சைல்ஸ்ட்ராவின் பேட்ச்சில் தொடங்கி, இனாடா நவோகி, செர்ஹி ஸ்டோர்சாகா, கிடோ ஆகியோர் கைபட்டு 3.7-ல் வந்த வடிவத்தில் எக்ஸெக் போகவில்லை, சுருங்கியது. கிளாஸை டைப் என்ற உள்ளமைந்த ஃபங்ஷனே நேரடியாகச் செய்கிறது. ரீப்ளேஸ், மேக், அச்சிடும் மெத்தட் எல்லாம் சாதாரண குளோஷர்கள், அதாவது உள்ளே நேரடியாக எழுதிய ஃபங்ஷன்கள். எழுத்தாக எழுதி ஓட்டும் பகுதி ஒரே ஒரு வரிதான், நியூவுக்கான அந்த பாராமீட்டர் பட்டியல் வரி. கிளாஸ் செய்யும் வேகம் 4 முதல் 6 மடங்கு கூடியது என்று 3.7-ன் வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது. அதே பதிப்பில் ஃபங்ஷனுக்கு 255 பாராமீட்டர்தான் என்ற இன்டர்பிரெட்டரின் பழைய வரம்பும் நீங்கியதால், 255 ஃபீல்டுக்கு மேல் வைக்க முடியாது என்ற நேம்டுடூப்பிளின் வரம்பும் தானாகப் போனது. இழப்பும் உண்டு: வெர்போஸும் சோர்ஸ் அட்ரிபியூட்டும் போயின, காட்டுவதற்கு முழு சோர்ஸ் என்று ஒன்று இல்லையே.

பாதுகாப்பைத் தேடிப் போகாமலேயே பாதுகாப்பும் கூடியது. முன்பு கிளாஸ் பெயர், டாக்ஸ்ட்ரிங், ப்ராப்பர்ட்டி வரி என்று பல இடங்களில் வெளியார் எழுத்து ஒட்டப்பட்டது, இப்போது ஒரே இடம். ஆராய வேண்டியது ஒரு வரி என்றால் ஆராய்பவருக்கும் நம்பிக்கை வரும். பிற்பாடு அந்த ஒரு வரி ஓடும் நேம்ஸ்பேஸில் பில்ட்-இன்களையும் காலியாக்கினார்கள். டூப்பிளின் நியூவுக்கு ஒரு அண்டர்ஸ்கோர் பெயர், மாட்யூல் பெயர், அதற்கு மேல் எதுவும் உள்ளே தெரியாது. இதை சாண்ட்பாக்ஸ் (கோட் வெளியே எதையும் தொட முடியாத கூண்டு) என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பில்ட்-இன் இல்லாத ஈவாலிலும், ஒரு வெற்று டூப்பிளைப் பிடித்து, அதன் கிளாஸ், அதன் தாய்க் கிளாஸ், அதன் வாரிசுகள் என்று ஏறி இறங்கி வேண்டிய எதையும் எட்டிவிட முடியும் என்பது பைதான் உலகில் பழைய செய்தி. அந்நிய கோட்டை உள்ளே விட்டுவிட்டு பில்ட்-இன்னைப் பிடுங்குவது காவல் ஆகாது. நேம்டுடூப்பிளில் காவல் பெயர்ச் சோதனைதான், பில்ட்-இன் இல்லாதது தேவையற்றதைக் கையில் வைத்துக்கொள்ளாத சுத்தம்.

டேட்டாகிளாஸில் மதிப்புகள்

அதே 3.7-ல், 2018 ஜூனில், எரிக் ஸ்மித்தின் டேட்டாகிளாஸ் வந்தது. இதிலும் இனிட், அச்சிடும் மெத்தட், ஒப்பிடும் மெத்தட்கள் எல்லாம் எழுத்தாக எழுதி எக்ஸெக் செய்வதுதான். இங்கே ஒரு கூடுதல் சிக்கல்: ஃபீல்டுக்கு டீஃபால்ட் மதிப்பு உண்டு. விலைக்கு டீஃபால்ட் 0 என்றால் கோட்டில் 'விலை=0' என்று எழுதிவிடலாமே என்று கை பரபரக்கும். எண்ணுக்குச் சரி. NaN ('எண் அல்ல' என்பதைக் குறிப்பது) என்ற ஃப்ளோட் மதிப்பு வந்தால்? அதை அச்சிட்டால் வரும் மூன்றெழுத்து அந்த இடத்தில் ஒரு வேரியபிள் பெயராகப் படிக்கப்பட்டு, அப்படி ஒரு பெயர் இல்லை என்று விழும். நாமே செய்த கிளாஸின் ஆப்ஜெக்ட் வந்தால் கோணக்குறிகளோடு மெமரி முகவரி அச்சாகும், அது கோடே அல்ல. அதைவிட மோசம், அச்சு வடிவத்தை அந்த கிளாஸை எழுதியவர்தான் முடிவு செய்கிறார், அதாவது நம் கோட்டுக்குள் என்ன எழுத வேண்டும் என்பதை அவர் கையில் கொடுத்துவிடுகிறோம்.

டேட்டாகிளாஸ் இந்தப் பொறியில் விழவில்லை. கோட்டில் டீஃபால்ட்டுக்கு ஒரு பெயரை மட்டும் எழுதுகிறது, அண்டர்ஸ்கோரில் தொடங்கி ஃபீல்டு பெயரையும் உள்ளே கொண்ட ஒரு பெயர். உண்மையான ஆப்ஜெக்ட்டை அந்தப் பெயரில் நேம்ஸ்பேஸில் போட்டு எக்ஸெக்குக்குக் கொடுக்கிறது. டைப் அன்னொட்டேஷனுக்கும் இதே வழிதான். எழுத்தில் பெயர், பையில் பொருள்.

பெயர் மோதல் மட்டும் டேட்டாகிளாஸைக் கொஞ்ச காலம் விரட்டியது. டேட்டாகிளாஸில் ஃபீல்டு பெயர் அண்டர்ஸ்கோரில் தொடங்கலாம், ஆகவே நேம்டுடூப்பிளின் சுலபமான வேலி இங்கே கிடைக்காது. ஃபீல்டுக்கு செல்ஃப் என்றே பெயர் வைத்தால் உள்ளே பயன்படும் பெயரை வேறொரு நீளமான பெயருக்கு மாற்றிக்கொள்கிறது. பில்ட்-இன்களைக் குறிக்கத் தானே ஒரு பெயரை, எல்லாம் பெரிய எழுத்தில், வைத்திருந்தது, அதையே ஒரு ஃப்ரோஸன் (மதிப்பை மாற்ற முடியாத) கிளாஸின் ஃபீல்டு பெயராக வைத்தால் உடைந்தது. கடைசியில் டேட்டாகிளாஸ் என்ற சொல்லையே நடுவில் வைத்த, இரட்டை அண்டர்ஸ்கோர் பெயராக அதை மாற்றினார்கள். வேலி விதியாக இல்லாமல், யாரும் வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையாக இருந்தால் இப்படித்தான் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். 3.13-ல் ஒவ்வொரு மெத்தடுக்கும் தனித்தனி எக்ஸெக் என்பதை விட்டு, கிளாஸுக்கு ஒரே எக்ஸெக் என்று ஆக்கியது இதிலிருந்து தனியான, வேகத்துக்கான மாற்றம்.

பெயரைச் சோதிக்காவிட்டால்

இதே உத்தி ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் எப்படிப் போனது என்று பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இஜேஎஸ் என்ற டெம்ப்ளேட் எஞ்சின், நாம் எழுதும் எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டை ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷனாக மாற்றி ஓட்டும். அதில் அவுட்புட்ஃபங்ஷன்நேம் என்று ஒரு ஆப்ஷன். பெயரிலேயே தெரிகிறது, டெம்ப்ளேட்டுக்குள் அச்சிட ஒரு ஃபங்ஷனுக்கு என்ன பெயர் வேண்டும் என்று கேட்கிறது. கொடுத்த பெயரை 'வார்' என்ற சொல்லுக்கும் சமக்குறிக்கும் நடுவில், எந்தச் சோதனையும் இல்லாமல், அப்படியே ஒட்டியது. டெவலப்பர் எழுதும் ஆப்ஷன்தானே, வெளியாருக்கு இதில் என்ன வேலை என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் எக்ஸ்பிரஸ் ஃப்ரேம்வொர்க்கோடு சேர்ந்து வேலை செய்வதற்காக, டெம்ப்ளேட்டுக்கு வரும் டேட்டாவில் செட்டிங்ஸ் என்ற சாவியும் அதற்குள் வியூ ஆப்ஷன்ஸும் இருந்தால் அவற்றை எல்லாம் தன் ஆப்ஷன்களுக்குள் காப்பி செய்துகொள்ளும் வரியும் இஜேஎஸ்ஸில் இருந்தது. யுஆர்எல்லில் வரும் க்வெரியை அப்படியே ரெண்டர் ஃபங்ஷனுக்குக் கொடுத்த அப்ளிகேஷன்களில் கதை இப்படி ஆனது: பிரவுசரில் முகவரியைத் தட்டும் யாரோ ஒருவர், அடைப்புக்குறிகள் வைத்து செட்டிங்ஸ் என்ற சாவியை அடுக்கடுக்காகக் கட்டி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெயர், அரைப்புள்ளி, தான் ஓட்ட விரும்பும் கமாண்ட், மறுபடி அரைப்புள்ளி என்று எழுதினால், அது சர்வரில் ஓடும். பாதுகாப்பு ஓட்டைகளுக்கான சிவிஇ பட்டியலில் சிவிஇ-2022-29078 என்று பதிவானது இதுதான். 3.1.7-ல் வந்த திருத்தம் என்ன? ஒரு சின்ன ரெகுலர் எக்ஸ்பிரஷன். கொடுத்தது சரியான ஐடென்டிஃபையரா என்று பார்த்து, இல்லாவிட்டால் எர்ரர். பைதானில் 2008-லேயே வாசலில் நின்ற அதே காவல். அதற்கு முந்தைய வருடம் லோடேஷ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் டெம்ப்ளேட் ஃபங்ஷனில், வேரியபிள் என்ற ஆப்ஷன் வழியாக இதே வகை ஓட்டை, சிவிஇ-2021-23337, 4.17.21-ல் அடைத்தார்கள். அங்கேயும் பெயருக்கான இடம்தான்.

பிஎச்பி-யின் கிரியேட்-ஃபங்ஷனைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். பாராமீட்டர் ஒரு ஸ்ட்ரிங், உடல் ஒரு ஸ்ட்ரிங், இரண்டையும் ஒட்டி உள்ளே ஈவால் செய்வது, உடலில் ஒரு மூடும் சுருள் அடைப்பை வைத்தாலே ஃபங்ஷனைவிட்டு வெளியே வந்து, அழைக்கும் வரை காத்திராமல் அந்தக் கணமே ஓடிவிடும். சோதிக்க ஒரு எல்லையே இல்லாத வடிவம் அது. 7.2-ல் வேண்டாம் என்று குறித்து, 8.0-ல் எடுத்தேவிட்டார்கள், நல்ல முடிவு.

இந்தச் சம்பவங்களில் எல்லாம் ஆப்ஷன் எழுதுபவர் நம் ஆள் என்ற எண்ணம் நடுவில் எங்கோ பொய்த்திருக்கிறது. நேம்டுடூப்பிளைக் கூப்பிடுபவரும் பெரும்பாலும் டெவலப்பர்தான், ஆனாலும் ஹெட்டிங்கர் அவரை நம்பி விடவில்லை. அது சரியாகப் போயிற்று, ஏனென்றால் சிஎஸ்வி ஃபைலின் முதல் வரியையும், டேட்டாபேஸ் க்வெரியின் நெடுவரிசைப் பெயர்களையும் அப்படியே நேம்டுடூப்பிளுக்குக் கொடுப்பது இன்று சர்வசாதாரணம். அந்தப் பெயர்களை எழுதியவர் யாரென்றே தெரியாது. இதற்காகவே ரீநேம் என்ற ஆப்ஷன் பின்னால் வந்தது: சோதனையில் தேறாத பெயரை எர்ரர் ஆக்காமல், அண்டர்ஸ்கோரும் அதன் வரிசை எண்ணும் சேர்த்த பெயராக மாற்றிவிடும்.

தமிழ்த் தலைப்புள்ள சிஎஸ்வி

இங்கே நம் மொழிக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விஷயம் இருக்கிறது. பைதான் 3-ல் தமிழ்ச் சொற்களை ஐடென்டிஃபையராக வைக்கலாம், மேலே நான் எழுதிய பெயர், விலை எல்லாம் உண்மையிலேயே வேலை செய்யும். புள்ளியும் உயிர்க்குறிகளும்கூட அனுமதிக்கப்பட்ட எழுத்துகள்தான். ஆனால் சோர்ஸில் எழுதிய எந்த ஐடென்டிஃபையரையும் பைதான் பார்ஸ் செய்யும்போது என்எஃப்கேசி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடும். தமிழில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரண்டு விதமாகச் சேமிக்கலாம், 'கொ' என்பதை ககரமும் ஒரே கொம்புக்கால் குறியுமாகவோ, ககரமும் கொம்பும் காலும் தனித்தனியாகவோ. திரையில் வித்தியாசமே தெரியாது. என்எஃப்கேசி இரண்டையும் ஒரே குறியாகச் சேர்த்துவிடும்.

இப்போது ஒரு சிஎஸ்வியில் 'கொள்முதல்' என்ற தலைப்பு, கொம்பும் காலும் பிரிந்த வடிவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நேம்டுடூப்பிள் செய்தால் எல்லாச் சோதனையும் தேறும். கிளாஸ் உருவாகும். அச்சிட்டால் கொள்முதல் என்று அழகாகக் காட்டும். ஆனால் நம் கோட்டில் புள்ளி வைத்து கொள்முதல் என்று எழுதி மதிப்பை எடுக்கப் போனால், அப்படி ஒரு அட்ரிபியூட்டே இல்லை என்று எர்ரர் வரும். நாம் எழுதிய பெயரைப் பார்ஸர் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டது, கிளாஸில் இருக்கும் பெயரோ பிரிந்த வடிவில் அப்படியே கிடக்கிறது. கன்ஸ்ட்ரக்டரில் கீவேர்டாகக் கொடுத்தால் மட்டும் வேலை செய்யும், ஏனென்றால் அந்த ஒரு வரி எக்ஸெக் அல்லது ஈவால் வழியாக, அதாவது பார்ஸர் வழியாகப் போய்த்தான் உருவானது. ரீப்ளேஸில் கீவேர்டாகக் கொடுத்தால் தெரியாத ஃபீல்டு என்று மறுபடி எர்ரர். ஒரே கிளாஸ், ஒரே பெயர், ஒரு கதவு திறக்கிறது, இரண்டு கதவு மூடியிருக்கிறது. இதைத் தேடிக் கண்டுபிடிப்பவரின் பாட்டைச் சொல்லி மாளாது.

இரண்டு நெடுவரிசைகள் இருந்து, ஒன்றில் சேர்ந்த வடிவமும் மற்றதில் பிரிந்த வடிவமும் இருந்தால் இன்னும் வேடிக்கை. ஒரே பெயர் இரண்டு முறை வந்திருக்கிறதா என்ற சோதனை இரண்டையும் வேறு வேறு என்று நினைத்து விட்டுவிடும், ரீநேம் போட்டிருந்தாலும் பயனில்லை, எக்ஸெக்குக்குள் போனதும் பார்ஸர் இரண்டையும் ஒன்றாக்கி, ஒரே பாராமீட்டர் இரண்டு முறை என்று சின்டாக்ஸ் எர்ரர் எறியும். சோதித்தவரும் படித்தவரும் ஒரே எழுத்தைப் பார்க்கவில்லை. பாதுகாப்புக்கு இதில் பங்கம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், பைதான் ஐடென்டிஃபையருக்குத் தேர்ந்தெடுத்த யூனிகோடு எழுத்துத் தொகுப்பு, என்எஃப்கேசி மாற்றத்துக்குப் பிறகும் ஐடென்டிஃபையராகவே இருக்கும்படி அமைக்கப்பட்டது, ஆகவே மாற்றத்தின் வழியாக ஒரு அடைப்புக்குறியோ இடைவெளியோ முளைத்துவிடாது.

திருத்தம் நம் பக்கத்தில் ஒரே வரி. சிஎஸ்வியின் தலைப்பு வரியைப் படித்தவுடன், நேம்டுடூப்பிளிடம் கொடுப்பதற்கு முன்பே, ஒவ்வொரு பெயரையும் யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்கேசி என்று கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அதன் பிறகு சோதனை பார்ப்பதும், கிளாஸில் பதிவதும், எக்ஸெக் படிப்பதும் ஒரே எழுத்து. இரட்டைக் கொள்முதல் நெடுவரிசை வந்தாலும் சோதனையே பிடித்துவிடும், ரீநேம் போட்டிருந்தால் இரண்டாவதுக்கு வரிசை எண் பெயர் கிடைத்து மீதி ஃபைல் ஒழுங்காக ஓடும்.